மாதம் அரைக் கிலோ

ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே, முன்பு ஏரிக்குச் சொந்தமாக இருந்து இப்போது கல்விக்குச் சொந்தமாகிவிட்ட நிலப்பரப்பில் விண்முகில் பொறியியல் கல்லூரி அமைந்துள்ளது. அக்கல்லூரியில் பதினோரு துறைகள் உள. பத்துத் துறைகளில் மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவந்தது. அது குறித்து நிர்வாகம் கவலையுற்றது. பதினோராவது துறையில் ஊழியரின் எடை மாதந்தோறும் குறைந்துவந்தது. அது குறித்து நிர்வாகம் பெருமிதம் கொண்டது. அத்துறையின் பெயர் மாவுச்சத்து நீக்க நலவாழ்வுத் துறை.

இத்துறை தோன்றிய வரலாறு சுருக்கமானது. கல்லூரியின் நிறுவனர் ஒருமுறை விமானத்தில் பயணம் செய்தபோது, முன்னிருக்கையின் பையில் கிடந்த இதழொன்றில், சர்க்கரை நோயாளர் மாவுச்சத்தைக் குறைத்தால் நலம் பெறுவர் என்னும் கட்டுரையைக் கண்ணுற்றார். அதன் இரண்டாம் பக்கத்தை அதற்கு முன் அங்கே அமர்ந்து சென்ற எவரோ கிழித்துவிட்டிருந்தனர். ஆயினும் நிறுவனர் மனம் தளரவில்லை. முதற்பக்கத்தைக் கொண்டே துறை தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக டாக்டர் ஸ்ரீரங்கன் நியமனம் பெற்றார். அவர் அப்பட்டத்தைப் பெற்றது கான்கிரீட் எவ்வாறு இறுகுகிறது என்னும் ஆய்வுக்காக. எனினும் டாக்டர் என்றால் டாக்டர்தான் என்று நிர்வாகம் கருதியது.

துறையின் விதி ஒன்றே. சர்க்கரை நோயுள்ள ஒவ்வோர் ஊழியரும் மாதம் அரைக் கிலோவேனும் எடை குறைதல் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் குறையாதவர் திட்டத்துக்கு ஒத்துழையாதவராகக் கருதப்படுவார். அவருடைய பணி ஒப்பந்தம் முடிவுக்கு வரும்.

இந்த விதியின் கீழ் அகப்பட்டவர்களுள் ஒருவர், இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளர் தயாளன். வயது ஐம்பது. பொழிச்சலூர்க்காரர். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவ்வாய்வகத்தின் எடைப்பெட்டிகளைத் துடைத்து, எண்ணி, பூட்டி வருபவர். ஓர் எடையை விரலால் தொட்டால் வியர்வை ஒட்டி அதன் அளவு மாறும் என்று மாணவர்களைக் கண்டிப்பவர். அவருடைய மகள் அனுப்பிரியா அதே கல்லூரியில், ஊழியர் பிள்ளை என்னும் சலுகையில், இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தயாளனின் வேலை போனால் அவளுடைய படிப்பும் நிற்கும். ஆகவே அரைக் கிலோ என்பது அந்தக் குடும்பத்தில் காய்கறிக் கடையில் மட்டும் புழங்கும் சொல்லாக இருக்கவில்லை.

முதல் எடை நாளன்று கருத்தரங்கக் கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. எடை இயந்திரத்துக்குச் சாமந்தி மாலை சூட்டப்பட்டிருந்தது. நிறுவனர் நடந்து வருவதற்காக விரித்த சிவப்புக் கம்பளத்தின் மீதே அது வைக்கப்பட்டிருந்தது. அதன் ஒரு மூலை கம்பள மடிப்பில் ஏறியிருந்தது. தயாளன் அதைக் கவனித்தார். தொழில் பழக்கத்தால் அவருடைய கை துறுதுறுத்தது. இடம் கருதி அடங்கினார். முறை வந்ததும் செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பேனா, இறுதியில் கைக்குட்டை ஆகியவற்றையும் எடுத்து நாற்காலியில் வைத்தார்.

அடுத்ததாக நின்றிருந்தவர் பணிமனைப் பொறுப்பாளர் லாசரஸ். பல்லாவரத்துக்காரர், தயாளனுக்கு ஐந்து வயது மூத்தவர்.

“இன்னா தயாளா, கைக்குட்டையக் கூட அவுத்து வச்சிட்ட? இங்க இன்னா தங்கமா நிறுக்கிறானுங்கோ?”

“துல்லியமா இருக்கணும்ல அண்ணா.”

“இருக்கும், இருக்கும். பின்னால நீதான் பேஜார் ஆவப் போற, பாரு.”

தயாளன் அறுபத்தொரு கிலோ இருந்தார். லாசரஸ் ஏறியபோது அவருடைய இடுப்புப் பக்கத்திலிருந்து கணீர் என்று மெல்லிய ஓசை எழுந்தது. இயந்திரம் தொண்ணூற்றிரண்டு என்றது. அந்த ஓசையின் பொருளைத் தயாளன் அன்று விளங்கிக்கொள்ளவில்லை.

எடை பார்த்தோருக்கு உணவுப் பட்டியல் வழங்கப்பட்டது. அரிசி, கோதுமை, கிழங்கு ஆகியவை நீக்கம். இது முதற்பக்கத்தில் இருந்தது. நிறுவனர் சைவர் என்பதால் முட்டையும் மீனும் நீக்கம். இயக்குநருக்கு எண்ணெய் ஆகாது என்பதால் நெய்யும் கடலையும் நீக்கம். எஞ்சியவை புடலங்காய், சுரைக்காய், வெள்ளரிக்காய், நீர்மோர். துறையின் உணவு ஆலோசகர் மிருதுளா இவற்றை ஒலிபெருக்கியில் விளக்கினாள்.

“ஸோ, ஃப்ரெண்ட்ஸ், காலைல வெள்ளரி, மத்தியானம் சுரைக்காய், சாயங்காலம் திரும்ப வெள்ளரி. வெரைட்டி இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. வெள்ளரிய நீளமாவும் வெட்டலாம், வட்டமாவும் வெட்டலாம்.”

தயாளன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதைச் செய்தார். கூட்டத்தில் எழுதியதைச் செய்த ஒரே மனிதர் அவர்தாம் என்பது பின்னர்த் தெரியவந்தது.

பத்து மாதங்கள் கடந்தன. அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரையிலிருந்து ஆறேகாலுக்கு இறங்கியது. அது குறித்து அவர் மகிழ்ந்தார். எடை ஐம்பதுக்கு இறங்கியது. அது குறித்துத் துறை மகிழ்ந்தது. ஒவ்வோர் எடை நாளிலும் அவருக்குச் சால்வை போர்த்தினர். நான்காவது சால்வையின் பாரத்தில் அவர் சற்றே தள்ளாடினார். அவருடைய பழைய கால்சட்டையைக் கேட்டு வாங்கி, அதன் ஒரே காலுக்குள் அவருடைய இரு கால்களையும் விடச் செய்து, புகைப்படம் எடுத்து, தாம்பரம் மேம்பாலத்தின் அருகே பதாகையாக வைத்தனர். மறுநாள் அதைக் கண்ட உறவினர் மூவர் அவருடைய மனைவி கீதாவுக்குத் தொலைபேசியில் ஆறுதல் கூறினர்.

உடலோ வேறு கதை சொல்லிற்று. நிறமாலைமானியை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தூக்கி வைக்க அவருக்கு மாணவர் துணை வேண்டியிருந்தது. திருமண மோதிரம் கை கழுவும் தொட்டியில் இரண்டு முறை விழுந்தது. ஒருநாள் மின்தொடர் வண்டியில் வாசலோரம் நின்றிருந்தபோது, பெருங்களத்தூரில் இறங்கிய கூட்டம் அவரையும் தன்னோடு இறக்கிவிட்டுச் சென்றது. கால் தரையில் பட்டபோதுதான் தாம் இறங்கியிருப்பதை அவர் உணர்ந்தார்.

அன்றே அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். பொருள்: எடையை இவ்வளவில் நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டுதல்.

இயக்குநரின் அறையில் நெய்ப்பொங்கலின் மணம் கமழ்ந்தது. ஸ்ரீரங்கன் விண்ணப்பத்தை மேசையில் பரப்பி, அதன் மேல் பொங்கல் தட்டை வைத்து உண்டுகொண்டிருந்தார். தயாளனின் பார்வை தட்டில் பதிந்ததைக் கண்டு பெருந்தன்மையோடு விளக்கினார்.

“மிஸ்டர் தயாளன், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு சுகர் கிடையாது. டிராபிக் கான்ஸ்டபிளும் ரெட் சிக்னலுக்கு நிக்கணும்னு சட்டம் இருக்கா? சொல்லுங்க, என்ன விஷயம்?”

“சார், எனக்கு எடை போதும் சார். இதுக்கு மேல குறைஞ்சா வேலை பாக்க முடியாது. சுகரும் கண்ட்ரோல்ல இருக்கு. இப்படியே நிறுத்திக்கிறேன்.”

“நிறுத்தறதா?” ஸ்ரீரங்கன் கரண்டியைக் கீழே வைத்தார். “கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இல்லையே. ‘எவ்வளவு குறைந்தது’ன்னு ஒரே கட்டம். பூஜ்யம் போட்டா சிவப்பாகுது.”

“சார், நான் இப்ப அம்பது கிலோ. மாசம் அரைக் கிலோ குறைஞ்சா நூறு மாசத்துல நான் இருக்கவே மாட்டேன் சார்.”

இயக்குநர் கணிப்பானை எடுத்துத் தட்டினார். நெடுநேரம் தட்டினார். பிறகு அவருடைய முகம் தெளிந்தது.

“உங்களுக்கு அம்பத்தெட்டுல ரிடையர்மெண்ட். இன்னும் தொண்ணூத்தாறு மாசம். அதாவது நாப்பத்தெட்டு கிலோ போகும். கடைசி நாள்ல உங்க கையில ரெண்டு கிலோ மிச்சம் இருக்கும்! சர்வீஸ் முழுக்க ஸ்கீம் உங்களத் தாங்குது. இதைவிட என்ன உத்தரவாதம் வேணும்?”

“ரெண்டு கிலோ ஆளு எப்படி சார் வேலைக்கு வருவான்?”

“அது தொண்ணூத்தாறாவது மாசத்துப் பிரச்சினை. அப்ப வேற டைரக்டர் இருப்பார்.”

விண்ணப்பம் நெய்க்கறையுடன் திரும்பிவந்தது.

கீதா அதற்குமேல் பொறுக்கவில்லை. கணவரைக் கையோடு அழைத்துக்கொண்டு, பொழிச்சலூர்ப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிச் சிறு மருத்துவமனை நடத்திவரும் டாக்டர் ஹில்டாவிடம் சென்றாள். ஹில்டா நாடி பார்த்தாள். இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினாள். உணவுப் பட்டியலை இருமுறை படித்தாள்.

“உங்கள மாவு கொறைக்கச் சொன்னாங்களா, சாப்பாட்டையே கொறைக்கச் சொன்னாங்களா?”

“மாவைத்தான் டாக்டர்.”

“அப்ப மிச்சத்தை யாரு சாப்பிடறது? அரிசிய எடுத்தீங்கன்னா அந்த எடத்துல முட்டை, மீன், பன்னீர், கடலை, நெய்னு எதாவது வரணும் இல்ல? எடுத்துட்டு ஓட்டையாவா விடுவாங்க? உடம்பு தன்னையே திங்குது சார். உங்க உயரத்துக்கு அம்பத்தெட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது. ரெண்டு கையிலயும் வெயிட் தூக்கி நாலு பயிற்சி பண்ணுங்க. மாத்திரைய நான் சொல்றபடி போடுங்க. மாசம் ஒரு தடவை சுகர் பாத்துட்டு வாங்க.”

நிறுவனர் படித்த கட்டுரையின் கிழிந்துபோன இரண்டாம் பக்கம் இப்படியாக ஹில்டாவின் வாயிலிருந்து தயாளனுக்குக் கிட்டியது. வேறொரு செய்தியும் கிட்டியது. ஹில்டாவின் எடை இயந்திரம் அவரை ஐம்பத்திரண்டு என்று காட்டிற்று. கல்லூரியில் ஐம்பது, இங்கே இரண்டு அதிகம். அந்த இரண்டு கிலோ எங்கே போயிற்று என்னும் வினா, இருபத்து நான்கு ஆண்டு எடைப்பெட்டி துடைத்தவரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த மூன்று மாதங்களில் தயாளன் மனிதராகத் திரும்பினார். காலையில் இரண்டு முட்டை. மதியம் கீரையும் மீனும். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ஆய்வகத்தில் ஆளில்லாத நேரத்தில் அரைக் கிலோ இரும்பு எடைகளைக் கையில் ஏந்திப் பயிற்சி செய்தார். மோதிரம் விரலில் நின்றது. சர்க்கரை ஆறேகாலைத் தாண்டவில்லை. ஹில்டாவின் இயந்திரத்தில் எடை ஐம்பத்தெட்டை எட்டி, அங்கேயே கால் ஊன்றி நின்றது.

ஆனால் எடை நாட்கள் நின்றபாடில்லை. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு என்று மிருதுளா மூன்று மாதங்களில் வாசித்த எண்களுக்குக் கூடம் கைதட்ட மறுத்தது. மூன்றாம் முறை பின்வரிசையில் எவரோ ‘ஐயோ’ என்றனர். மேம்பாலத்தருகே இருந்த பதாகை ஒரே நாளில் அகற்றப்பட்டது. விளக்கம் கோரும் ஓலை தயாளனின் மேசைக்கு வந்தது.

விசாரணை அதே கருத்தரங்கக் கூடத்தில், அதே கம்பளத்தின் மீது நடைபெற்றது. தயாளன் வெறுங்கையுடன் வரவில்லை. ஹில்டாவின் சான்றிதழோடு, ஆய்வகத்தின் இருபது அரைக் கிலோ எடைகளை இரண்டு பைகளில் சுமந்துவந்திருந்தார். அவற்றைத் தாமே தூக்கிவந்தார் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

ஸ்ரீரங்கன் நடுவில் அமர்ந்து, தொண்டையைச் செருமினார்.

“தயாளன், இந்தத் திட்டத்துல நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. அத்தனை பேரும் கொறைஞ்சிருக்காங்க. லாசரஸப் பாருங்க, மாசா மாசம் கரெக்டா அரைக் கிலோ! ஒரு கிராம் கூட மாறல. வயிறு மட்டும் ஏனோ அப்படியே இருக்கு, அது வேற விஷயம். நீங்க ஒருத்தர்தான் ஏறியிருக்கீங்க. ஆரோக்கியமா இருக்கணும்னா வீட்டுல இருந்துக்கிட்டு ஆரோக்கியமா இருங்க. இங்க வந்தா ஸ்கீம்படிதான் இருக்கணும்.”

“சார், சுகர் ரிப்போர்ட்டப் பாருங்க சார்.”

“ரிப்போர்ட்ல சுகர் போட்டிருக்கு. கட்டத்துல எடைன்னு போட்டிருக்கு. நான் எதைப் பாக்க?”

“அந்த எடையே தப்பு சார். மிஷின் கம்பளத்து மடிப்புல நிக்குது. ரெண்டு கிலோ கம்மியாக் காட்டுது. இதோ, இதுல சரியா பத்துக் கிலோ இருக்கு. வச்சுப் பாருங்க.”

தயாளன் இருபது எடைகளையும் துணியால் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக இயந்திரத்தில் அடுக்கினார். கூடம் எட்டிப் பார்த்தது. இயந்திரம் எட்டு என்றது.

இயந்திரத்தைத் திறந்து வைத்தவர் நிறுவனர் என்பதை அங்கிருந்தோர் அனைவரும் ஒரே நேரத்தில் நினைவுகூர்ந்தனர். ஸ்ரீரங்கன் மெல்ல எழுந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“மிருதுளா, மினிட்ஸ்ல எழுதுங்க. நம்ம வளாகத்துல இரும்பு கூட ரெண்டு கிலோ எளைச்சிருக்கு! இந்தக் காத்துலயே அந்த டிசிப்ளின் இருக்கு. இரும்புக்கு இருக்கற கட்டுப்பாடு இந்த மனுஷனுக்கு இல்லையே!”

கூடம் கைதட்டியது. மிருதுளா எழுதினாள். தயாளன் தம் எடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார். தாம் இருபத்து நான்கு ஆண்டு துடைத்தவை தம் கண் முன்னே பொய்யாக்கப்பட்ட பின்னும், இருபதும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தே பைகளைக் கட்டினார்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. தயாளனின் பணி அன்று மாலையுடன் முடிவடையும். எனினும் நிர்வாகம் கருணையற்றது அன்று. அவர் விலகுவதால் ஆய்வக உதவியாளர் பணியிடம் ஒன்று காலியாகிறது. அதற்கு அனுபவமுள்ளவர் தேவைப்படுகிறார். ஆகவே தயாளன் விரும்பினால் திங்கட்கிழமை புதிய ஊழியராக விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. தொடக்க எடை புதிதாகப் பதியப்படும். அதன்பின் மாதம் அரைக் கிலோ.

வெளியே வேப்பமரத்தடியில் லாசரஸ் காத்திருந்தார். தம் சட்டையைச் சற்றே தூக்கிக் காட்டினார். இடுப்பில் பழைய மோட்டார் பெல்ட் ஒன்று சுற்றியிருந்தது. அதில் பூட்டுகளும் இரும்பு நட்டுகளும் கோத்திருந்தன. பாதி இடம் காலியாக இருந்தது.

“மொத நாளு பதினாறு கிலோ கட்டிக்கினு ஏறுனேன். மாசம் ஒண்ணு கழட்டிப் போடறேன். வூட்டுல பிரியாணி துன்னுகினு கீறேன். காலேஜே இப்டித்தான்பா நடக்குது. நீதான் கைக்குட்டைய அவுத்து வச்சவன்.”

“அண்ணா, நான் எடைப்பெட்டி வச்சிருக்கிறவன். என் கையால பொய் எடை வைக்கச் சொல்றீங்களா?”

“பொய் எடையா? உன்னுது சர்க்காரு முத்திர குத்துன இரும்புப்பா. என் பூட்டுதான் துருப்பிடிச்சது.” லாசரஸ் சட்டையை இறக்கிக்கொண்டார். “மெய்யா அம்பத்தெட்டு கிலோ இருக்கணுமா, இல்ல மெய்யா பேசிகினே ரெண்டு கிலோவுக்கு வரணுமா? நீயே முடிவு பண்ணு மச்சான்.”

ஞாயிறன்று மாலை அனுப்பிரியா தன் அடுத்த பருவத்துப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய காக்கித் துணியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“கீதா, இதுல ஒரு பனியன் மாதிரி தைக்கணும். உள்ளுக்குள்ள பை வச்சு. எல்லாம் ஒரே அளவுல இருக்கணும்.”

“எத்தனை பைங்க?”

“ரெண்டு வருஷத்துக்கு எத்தனை மாசம்?”

கீதா இருபத்து நான்கு பைகளையும் இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை, புதிய ஊழியர் தயாளன் சிவப்புக் கம்பளத்தின் மீது நடந்து வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கடிகாரத்தைக் கழற்றவில்லை. அவர் ஏறியதும் மாலை அசைந்தது. கம்பளம் தன் இரண்டு கிலோவைப் பிடித்துக்கொண்டது போக, இயந்திரம் அறுபத்தெட்டு என்றது.

“இப்பதான் நீங்க பேஷண்ட் மாதிரி இருக்கீங்க!” ஸ்ரீரங்கன் மனம் குளிர்ந்து அவருடைய தோளைத் தட்டினார். இரும்பின் ஓசை எழுந்தது. இயக்குநரின் கை அந்தரத்தில் நின்றது.

“என்ன சத்தம் அது?”

“எலும்பு சார்.”

“பாத்தீங்களா மிருதுளா? எவ்வளவு மாவு சாப்பிட்டா எலும்பு இப்படி கெட்டிப்படும்! குறிச்சுக்குங்க. இவர் நம்ம ஸ்கீமுக்கு நல்ல கேஸ்.”

அம்மாதமே நடந்த இயற்பியல் செய்முறைத் தேர்வில் கம்பியின் நீட்சியை அளக்க வந்த மாணவர்கள், எடைப்பெட்டியில் இருபத்து நான்கு குழிகள் காலியாக இருப்பதைக் கண்டனர். இல்லாத எடையைத் தொங்கவிட்டு, ஏற்படாத நீட்சியைக் கணக்கிட்டு, விடையை முன்னாண்டுக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதினர். அனைவரும் தேர்ச்சி பெற்றனர். துறைகள் பதினொன்றும் ஒரே முறையில் இயங்கத் தொடங்கியதாக நிறுவனர் ஆண்டு விழாவில் பாராட்டினார். அவ்விழாவில் மாதந்தவறாமல் அரைக் கிலோ குறைந்தமைக்காக லாசரஸுக்கும் தயாளனுக்கும் ‘மெலிவுச் செம்மல்’ என்னும் விருது வழங்கப்பட்டது.

இப்போது ஒவ்வோர் எடை நாளின் மாலையிலும், கைதட்டல் ஓய்ந்தபின், தயாளன் ஆய்வகத்துக்குச் செல்கிறார். பனியனிலிருந்து அன்று கழற்றிய ஒற்றை எடையை மென்துணியால் துடைக்கிறார். விரல் படாமல் பிடித்து, வெல்வெட்டுப் பெட்டியில் அதற்குரிய குழியில் வைக்கிறார். குறிப்பேட்டில் நாளையும் எண்ணையும் பதிகிறார். பிறகு உணவு டப்பாவைத் திறந்து, அவித்த முட்டைகள் இரண்டையும் அமைதியாக உண்கிறார். கல்லூரி முழுவதிலும் எடை என்பது சரியாகப் பதியப்படும் ஏடு அது ஒன்றே. ஏழு குழிகள் நிறைந்துவிட்டன. பதினேழு மீதமுள்ளன. அவை நிறையும் மாதத்தில்தான் அனுப்பிரியாவின் படிப்பும் நிறைகிறது.

தயாளன் ஐம்பத்தெட்டிலேயே இருக்கிறார்.